ஒன்றும் சுட்டும்: ஆங்கில ஆர்ட்டிகிளும் தமிழ் மாணவரும்

ஆங்கில இலக்கணத்தில் மிகச் சிறிய சொற்கள் எவை என்று கேட்டால் 'ஏ', 'ஆன்', 'தி' என்று உடனே சொல்லிவிடலாம். ஆங்கில எழுத்தில் எழுதினால் மூன்றும் சேர்ந்து ஆறே எழுத்துகள். ஆயினும் பாரதத்துப் பதினெட்டு நாள் போரைவிட நீண்ட போரை நம் மாணவர்கள் இந்த ஆறு எழுத்துகளோடு நடத்தி வருகிறார்கள். மேலூர், உசிலம்பட்டி, சோழவந்தான், திருமங்கலம் ஆகிய ஊர்ப் பக்கங்களிலிருந்து தமிழ்வழியில் படித்துக் கல்லூரிக்கு வரும் மாணவர், காலங்களையும் செயப்பாட்டு வினையையும் ஓரளவு பிடித்துக்கொள்கின்றனர். ஆர்ட்டிகிள் மட்டும் பிடிபடுவதில்லை. ரென் அண்டு மார்ட்டின் இலக்கண நூலில் உள்ள விதிகளை வரிசையாக ஒப்பிப்பவரும், சொந்தமாக நான்கு வாக்கியம் எழுதும்போது வேண்டிய இடத்தில் விட்டுவிட்டு வேண்டாத இடத்தில் போட்டுவிடுகிறார்.

இதற்குக் காரணம் கேட்டால், "தமிழில் ஆர்ட்டிகிள் கிடையாது, அதனால் நமக்கு வராது" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். பல ஆண்டுகளாக ஆங்கில விடைத்தாள்களைத் திருத்தி வருபவன் என்ற முறையில் இவ்விடையை நான் பாதி உண்மை என்றே கொள்கிறேன். ஆர்ட்டிகிள் என்ற சொல்வகை தமிழில் இல்லை என்பது உண்மை. ஆர்ட்டிகிள் உணர்த்தும் கருத்து தமிழில் இல்லை என்பது உண்மையன்று. அக்கருத்தை நாம் நாள்தோறும் வேறு வழிகளில் உணர்த்திக்கொண்டே இருக்கிறோம். அவ்வழிகள் எவை என்று கண்டுகொண்டால் ஆங்கில ஆர்ட்டிகிள் பாதி விளங்கிவிடும். அதனைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆங்கிலச் சொற்களை எல்லாம் தமிழ் எழுத்திலேயே தருகிறேன்; அதனால் ஒரு நன்மை உண்டு என்பது பின்னர்த் தெரியவரும்.

1. எங்கிருந்து வந்தன?

'ஆன்' என்பது பழைய ஆங்கிலத்தில் 'ஒன்று' என்னும் எண்ணுப்பெயரே. அந்த எண் அழுத்தம் குறைந்து, தேய்ந்து, மெய்யொலிக்கு முன் 'ன'கரத்தையும் இழந்து 'ஏ' ஆயிற்று. 'தி' என்பது பழைய ஆங்கிலச் சுட்டுச்சொல்லிலிருந்து வந்தது. 'அந்த' என்று பொருள்படும் 'தட்' என்பதற்கு உறவுச்சொல். ஆகவே ஆங்கில ஆர்ட்டிகிள்களின் மூலம் இரண்டே: ஒன்று எண், மற்றொன்று சுட்டு.

இது ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய வரலாறு அன்று. ஜெர்மன் மொழியில் 'ஒன்று' என்பதற்கும் 'ஒரு' என்பதற்கும் இன்றும் 'ஐன்' என்னும் ஒரே சொல்தான். இலத்தீனில் ஆர்ட்டிகிள் இல்லை. ஆனால் அதன் மகள்களான இத்தாலியமும் பிரெஞ்சும், இலத்தீனின் எண்ணுப்பெயரையும் சுட்டுப்பெயரையும் எடுத்து ஆர்ட்டிகிள் ஆக்கிக்கொண்டன. சமஸ்கிருதத்திலும் ஆர்ட்டிகிள் இல்லை. ரஷ்ய மொழியில் இன்றும் இல்லை. மதுரை மிஷனில் பணியாற்றிய வீரமாமுனிவர், ஆர்ட்டிகிள் உள்ள இத்தாலியத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர். அவர் ஆர்ட்டிகிள் இல்லாத தமிழுக்கு, ஆர்ட்டிகிள் இல்லாத இலத்தீனில் இலக்கணம் எழுதினார். ஆகவே ஆர்ட்டிகிள் இல்லாமை ஒரு மொழிக்குக் குறையும் அன்று. அது உள்ள மொழியைக் கற்பதற்குத் தடையும் அன்று.

எண்ணும் சுட்டும் நம்மிடமும் உண்டு. 'ஒன்று' என்பது பெயருக்கு முன் 'ஒரு', 'ஓர்' என நிற்கிறது. 'அ' என்னும் சுட்டெழுத்து 'அந்த' என வளர்ந்து நிற்கிறது. ஆங்கிலம் எந்தப் பொருள்களைக் கொண்டு ஆர்ட்டிகிளைச் செய்ததோ, அதே பொருள்கள் நம் வீட்டிலும் கிடக்கின்றன.

2. பாட்டி கதையில் உள்ள இலக்கணம்

நம் பாட்டிமார் கதை சொல்லும் முறையை எண்ணிப் பாருங்கள். "ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தான். அந்த ராஜாவுக்கு ஒரு மகள். ராஜா ஒரு நாள் வேட்டைக்குப் போனான்."

ராஜா முதன்முதல் வரும்போது 'ஒரு ராஜா'. கேட்கும் குழந்தைக்கு அவன் புதியவன். இரண்டாம் முறை 'அந்த ராஜா'. மூன்றாம் முறை வெறும் 'ராஜா'. அதற்குள் குழந்தைக்கு அவன் பழகியவன் ஆகிவிட்டான், 'ஒரு' என்று மீண்டும் சொன்னால், "இது வேறு ராஜாவா?" என்று குழந்தை கேட்கும். இதனை ஆங்கிலத்தில் சொன்னால் முதலில் 'ஏ கிங்', பின்பு இரண்டு இடங்களிலும் 'தி கிங்'. இங்கே இரு மொழிகளுக்கும் கருத்தில் வேற்றுமை இல்லை. மூன்றாம் இடத்தில்தான் வழக்கு பிரிகிறது. தமிழ் சுட்டை விட்டுவிட்டு வெறும் பெயரை நிறுத்தலாம். ஆங்கிலம் விட முடியாது. தமிழில் விருப்பமாக இருப்பது ஆங்கிலத்தில் கட்டாயம். நம் மாணவர் செய்யும் பிழைகளில் பெரும்பகுதி இந்தக் கட்டாயத்தை மறப்பதால் வருவதே.

மற்றொரு கட்டாயமும் உண்டு. "என் தந்தை விவசாயி" என்கிறோம். 'ஒரு விவசாயி' என்று சொன்னால் சற்று மிகையாகக்கூடத் தோன்றும். ஆங்கிலத்தில் "மை ஃபாதர் இஸ் ஏ ஃபார்மர்" என்றே சொல்ல வேண்டும். எண்ணத்தக்க பொருளைக் குறிக்கும் ஒருமைப் பெயர், பொதுவாக ஆங்கிலத்தில் தனித்து நில்லாது. அதற்கு முன்னால் 'ஏ', 'தி', 'மை', 'திஸ்' போன்ற ஏதேனும் ஒன்று நின்றாக வேண்டும். நேர்முகத் தேர்வில் மாணவர் சொல்லும் முதல் வாக்கியமே பெரும்பாலும் தம்மையும் தம் பெற்றோரையும் பற்றியது. அங்கேயே 'ஏ' விடுபட்டால், கேட்பவர் மனத்தில் முதல் எண்ணம் இறங்கிவிடுகிறது. பின்னால் எவ்வளவு நன்றாகச் சொன்னாலும் அதனை ஏற்றுவது கடினம்.

3. கேட்பவருக்குத் தெரியுமா?

'தி' எங்கே வரும் என்பதற்கு நூல்கள் பதினைந்து விதிகள் சொல்லும். அவற்றுள் மிகப் பலவற்றை ஒரு கேள்வியில் அடக்கிவிடலாம். "நான் எதனைச் சொல்கிறேன் என்பது கேட்பவருக்குத் தெரியுமா?" தெரியும் என்றால் 'தி', தெரியாது என்றால் 'ஏ' அல்லது 'ஆன்'.

மாசி வீதிகளுக்குள் குடியிருப்பவர், "கோயிலுக்குப் போய் வருகிறேன்" என்றால் எந்தக் கோயில் என்று யாரும் கேட்பதில்லை. அது மீனாட்சியம்மன் கோயில். "ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது" என்றால் அது வைகை. சித்திரை மாதத்தில் "திருவிழாவுக்கு வந்துவிடுங்கள்" என்றால் எந்தத் திருவிழா என்று விளக்க வேண்டியதில்லை. இந்தக் கோயில், ஆறு, திருவிழா மூன்றும் ஆங்கிலத்தில் 'தி' பெறும். இதே பழக்கம் சமய மரபிலும் உண்டு. சைவர்க்குக் 'கோயில்' என்று வாளா சொன்னால் சிதம்பரம், வைணவர்க்குத் திருவரங்கம். பேசுபவரும் கேட்பவரும் ஒரே கூட்டத்தார் ஆதலின் அடைமொழி வேண்டுவதில்லை. ஆங்கிலத்தின் 'தி' செய்வதும் இந்த வேலையே: "உங்களுக்குத் தெரிந்ததுதான்" என்று கேட்பவரிடம் சொல்வது.

சூரியன், சந்திரன், வானம் ஆகியவை 'தி' பெறுவது இதனால்தான். நமக்கு உள்ளது ஒன்றே, குழப்பத்துக்கு இடமில்லை. 'முதல்', 'கடைசி', 'மிகச் சிறந்த' என்னும் அடைகளோடு 'தி' வருவதும் இதனால்தான். முதற்பரிசு ஒன்றே இருக்க முடியும். "ஒரு வீடு பார்த்தேன், கூரை ஒழுகுகிறது" என்னும்போது கூரையை முன்னர்ச் சொல்லவில்லை, ஆயினும் வீட்டைச் சொன்னதால் எந்தக் கூரை என்பது தெரிகிறது. ஆகவே 'ஏ ஹவுஸ்', ஆனால் 'தி ரூஃப்'. தனித்தனி விதிகளாக மனப்பாடம் செய்தவை எல்லாம் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பதை இதனால் உணரலாம்.

4. இரண்டாம் வேற்றுமை காட்டும் வழி

தமிழில் இக்கருத்தை உணர்த்தும் வழிகளுள் மிக நுட்பமானது 'ஐ' உருபு. நன்னூல் வழியாக, ஆக்கல், அழித்தல், அடைதல், நீத்தல், ஒத்தல், உடைமை என்னும் ஆறு பொருளில் 'ஐ' வரும் என்று படித்திருக்கிறோம். உருபு மறைந்தால் வேற்றுமைத் தொகை என்றும் படித்திருக்கிறோம். எப்போது மறைகிறது, எப்போது மறையாது என்பதைப் பேச்சில் கவனியுங்கள்.

அலங்காநல்லூரில் "அவன் மாடு பிடிக்கப் போகிறான்" என்றால் ஜல்லிக்கட்டில் இறங்கப் போகிறான் என்பது பொருள். "அவன் மாட்டைப் பிடிக்கப் போகிறான்" என்றால் அறுத்துக்கொண்டு ஓடிய ஏதோ ஒரு மாடு, நமக்குத் தெரிந்த மாடு, கண்முன் நிற்கிறது. "பெண் பார்க்கப் போனார்கள்" என்றால் சம்பந்தம் தேடிப் போனார்கள். "பெண்ணைப் பார்க்கப் போனார்கள்" என்றால் எந்தப் பெண் என்பது முடிவாகிவிட்டது. "புத்தகம் வாங்கினேன்", "புத்தகத்தை வாங்கினேன்" என்பவற்றிலும் இதே வேற்றுமை. அஃறிணைப் பெயர்களில் இது தெளிவாக விளங்கும். மக்களைக் குறிக்கும் பெயர்களோடு 'ஐ' பெரும்பாலும் எப்போதும் வருவதால் அங்கே இதனை அளவுகோலாகக் கொள்ள இயலாது.

ஆகவே, தமிழ் வாக்கியத்தில் 'ஒரு' இல்லாமல், அஃறிணைச் செயப்படுபொருள் 'ஐ' பெற்று வந்தால், ஆங்கிலத்தில் அங்கே 'தி' வர இடமுண்டு என்று ஐயுற்றுப் பார்க்கலாம். "கதவைச் சாத்து", "விளக்கை அணை", "கடிதத்தைக் கொடு" ஆகிய மூன்றிலும் 'தி' வரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். "நேற்று ஒரு மாட்டை வாங்கினேன்" என்றும் தமிழில் சொல்லலாம். 'ஒரு'வும் உண்டு, 'ஐ'யும் உண்டு. வகுப்பில் மாணவர் கேட்கும் நல்ல கேள்விகளுள் ஒன்று இது: "வாங்கியவனுக்கு அது எந்த மாடு என்று தெரியுமே, ஐயா! பிறகு ஏன் 'தி' போடக் கூடாது?" விடை இதுதான். இங்கே 'ஐ' உருபு, பேசுபவர் மனத்தில் குறிப்பிட்ட ஒரு மாடு இருப்பதைக் காட்டுகிறது. ஆங்கில ஆர்ட்டிகிள் பேசுபவரைக் கேட்பதில்லை, கேட்பவரையே கேட்கிறது. கேட்பவர் அந்த மாட்டை அறியார். ஆகவே 'ஏ கௌ' என்பதே சரி. ஆர்ட்டிகிளின் உயிர்நிலை இந்த ஒன்றில் இருக்கிறது. எனக்குத் தெரியுமா என்று பாராமல் எதிரே இருப்பவருக்குத் தெரியுமா என்று பார்க்க வேண்டும்.

5. சொல் நின்ற இடம்

தமிழ் சொற்களின் வரிசையாலும் இதனைக் காட்டும். "மேசைமேல் புத்தகம் இருக்கிறது" என்றால், மேசையைப் பார்ப்பவருக்குப் புதிய செய்தி புத்தகம். ஆங்கிலத்தில் 'ஏ புக்' என வரும். "புத்தகம் மேசைமேல் இருக்கிறது" என்றால், புத்தகம் எங்கே என்று தேடுபவருக்குச் சொன்ன விடை. ஆங்கிலத்தில் 'தி புக்'. சொற்கள் ஒன்றே, இடம் மாறியது, பொருளும் மாறியது. அறிந்தது முன்னே நிற்க, புதியது வினைக்கு அருகே செல்வது தமிழின் இயல்பு. ஆங்கிலத்தில் எழுதப் புகுமுன் அதே கருத்தைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்தால், எது பழையது, எது புதியது என்பதைச் செவியே காட்டிவிடும்.

6. 'ஏ'வும் 'ஆன்'னும்

உயிரெழுத்துக்கு முன் 'ஓர்', மற்றவற்றுக்கு முன் 'ஒரு' என்பது நம் மரபு. ஓர் ஊர், ஒரு நகரம்; ஓர் ஆறு, ஒரு குளம். பேச்சில் 'ஒரு ஊர்' என்று வழங்கினும் எழுத்தில் இம்மரபைப் போற்றுகிறோம். ஆங்கிலத்தின் 'ஆன்', 'ஏ' என்பவற்றுக்கும் இதே ஓசைக் காரணந்தான். உயிரொலிக்கு முன் 'ஆன்'. மெய்யொலிக்கு முன் 'ஏ'.

மாணவர் இடறுவது ஆங்கில எழுத்தைப் பார்ப்பதால். எழுத்தில் உயிராக இருப்பது ஒலியில் மெய்யாக இருக்கலாம். இதற்கு ஓர் எளிய வழி, அச்சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பார்ப்பது. முதலெழுத்து உயிரானால் 'ஆன்', உயிர்மெய்யானால் 'ஏ'. யூனிவர்சிட்டி, யூனிஃபார்ம், யூரோப்பியன் ஆகியவற்றின் முதலெழுத்து 'யூ'; ஆகவே 'ஏ'. மணியைக் குறிக்கும் 'அவர்', நேர்மையானவரைக் குறிக்கும் 'ஆனஸ்ட்', வாரிசைக் குறிக்கும் 'ஏர்' ஆகியவற்றின் முதலெழுத்து உயிர், ஆகவே 'ஆன்'. பி.ஏ. பட்டம் 'ஏ' பெறும், எம்.ஏ. பட்டம் 'ஆன்' பெறும். எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழ், எல்.ஐ.சி. முகவர், எம்.எல்.ஏ., எக்ஸ்ரே எல்லாம் 'ஆன்' பெறும். ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருவதால் வரும் நன்மை என்று தொடக்கத்தில் கூறியது இதுவே.

இரண்டு இடங்களில் மட்டும் கவனம் வேண்டும். ஒன்று, நம் நாவின் பழக்கம். எகரத்தின் முன் யகரத்தையும் ஒகரத்தின் முன் வகரத்தையும் நாம் அறியாமலே சேர்த்துவிடுகிறோம். 'எம்.ஏ.' என்பதை 'யெம்.ஏ.' என்று ஒலிப்பவர், 'ஏ' போடுவது சரி என்றே நினைப்பார். தூய உயிராக ஒலித்துப் பழகினால் இப்பிழை நீங்கும். மற்றொன்று, 'ஒன்' என்னும் எண். தமிழில் ஒகரமிட்டு எழுதினாலும் ஆங்கிலத்தில் அது 'வன்' என்றே ஒலிக்கும். ஆகவே ஒரு ரூபாய் நாணயத்தையும் ஒருவழிப் பாதையையும் சொல்லும்போது 'ஏ' வரும்.

இந்த 'ன'கரம் ஆங்கிலேயரையே ஏமாற்றியதுண்டு. சமையலில் கட்டும் மேலாடைக்குப் பழைய பெயர் 'நாப்ரன்'. 'ஏ நாப்ரன்' என்று விரைந்து சொல்லச் சொல்ல, 'ந'கரம் முன்னே போய் ஒட்டிக்கொண்டு 'ஆன் ஏப்ரன்' ஆயிற்று. கிரிக்கெட் ஆட்டத்தின் 'அம்பயர்' என்னும் சொல்லும் முன்னர் 'ந'கரத்தோடு தொடங்கியதே. சொற்கள் புணரும்போது எல்லை மயங்குவது தமிழுக்கு மட்டும் உரியதன்று.

7. ஊர்ப் பெயரும் ஆற்றுப் பெயரும்

சிறப்புப் பெயர்களில் கேள்வி கேட்டு விடை காண்பது எப்போதும் பயன்படாது. வழக்கை அறிந்துகொள்ள வேண்டும். அதனை நம் ஊரை வைத்தே அறியலாம். மதுரை என்னும் ஊர்ப்பெயருக்கு ஆர்ட்டிகிள் வேண்டாம். வைகை என்னும் ஆற்றுக்கு 'தி' வேண்டும். அது மேற்குத் தொடர்ச்சி மலையில் தோன்றுகிறது என்றால் அம்மலைத் தொடருக்கும் வேண்டும். தனி மலையான யானைமலைக்கு வேண்டாம். தொடராக உள்ள சிறுமலைக் குன்றுகளுக்கு வேண்டும். கடலுக்கும் வளைகுடாவுக்கும் வேண்டும். மேல மாசி வீதி, டவுன் ஹால் ரோடு போன்ற தெருப் பெயர்களுக்கு வேண்டாம். 1977இல் ஓடத் தொடங்கிய வைகை எக்ஸ்பிரஸுக்கு வேண்டும். புகைவண்டிப் பெயர்கள் 'தி' பெறும்.

நிறுவனப் பெயர்களில் 'ஆஃப்' என்னும் சொல் வந்தால் 'தி' பெரும்பாலும் உடன் வரும். 1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகம் 'தி யூனிவர்சிட்டி ஆஃப் மெட்ராஸ்'. 1966இல் மதுரைப் பல்கலைக்கழகமாகத் தோன்றி 1978இல் பெயர் மாற்றம் பெற்ற பல்கலைக்கழகம், ஆர்ட்டிகிள் இன்றி 'மதுரை காமராஜ் யூனிவர்சிட்டி'. 2004இல் திறக்கப்பட்ட உயர்நீதிமன்றக் கிளையோ 'தி மதுரை பெஞ்ச் ஆஃப் தி மெட்ராஸ் ஹைகோர்ட்' என இரண்டு 'தி' பெறும்.

1878இல் தொடங்கிய ஆங்கில நாளிதழின் பெயரிலேயே 'தி' உண்டு. நம் மக்கள் அதனை விட்டுவிட்டு 'இந்து பேப்பர்' என்றே சொல்வர். 2013இல் அந்நிறுவனத்தார் தொடங்கிய தமிழ் நாளிதழும் முதலில் 'தி இந்து' என்ற பெயரையே தாங்கி வந்தது. பின்னர் 'இந்து தமிழ் திசை' ஆயிற்று. தமிழ் நாவில் ஆர்ட்டிகிள் நிலைத்து நிற்பதில்லை என்பதற்கு இது சான்று.

8. எதுவும் வேண்டாத இடம்

எண்ண முடியாத பொருளுக்கு 'ஏ' வராது. தண்ணீர், மணல், பால் ஆகியவற்றில் இது நமக்கே தெரியும். ஆனால் 'அட்வைஸ்', 'இன்ஃபர்மேஷன்', 'ஃபர்னிச்சர்' ஆகியவற்றையும் ஆங்கிலம் எண்ண முடியாதவையாகவே கொள்கிறது. தமிழில் 'ஓர் அறிவுரை', 'ஒரு தகவல்' என்பதால் நாம் 'ஆன் அட்வைஸ்' என்று எழுதிவிடுகிறோம். இவற்றைத் தனியே பட்டியலிட்டு நினைவில் வைப்பது நல்லது.

பொதுவாகச் சொல்லும்போது ஆர்ட்டிகிள் வேண்டாம். வரையறுத்துச் சொல்லும்போது வேண்டும். 'ஐ லைக் ஜாஸ்மின்' என்றால் மல்லிகை எல்லாம் பிடிக்கும். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மல்லியை மட்டும் சொல்ல வேண்டுமானால் 'தி ஜாஸ்மின் ஆஃப் மதுரை'.

பள்ளி, கல்லூரி, சிறை போன்ற இடங்களுக்கு அவை ஏற்பட்ட நோக்கத்துக்காகவே செல்பவரைச் சொல்லும்போது ஆர்ட்டிகிள் வராது. மாணவன் செல்வது 'டு ஸ்கூல்'. கட்டணம் கட்டச் செல்லும் தந்தை செல்வது 'டு தி ஸ்கூல்'. தமிழிலும் "பையன் பள்ளிக்கூடம் போகிறான்" என்று உருபின்றிச் சொன்னால் படிக்கிறான் என்ற பொருள் முந்தித் தோன்றுகிறது. "அப்பா பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறார்" என்னும்போது கட்டடம் கண்முன் வருகிறது.

9. ஒரு சொல்லால் விளையும் கேடு

"பொருள் விளங்கினால் போதாதா? 'ஏ' போனால் என்ன, 'தி' போனால் என்ன?" என்று கேட்பாரும் உளர். மதிப்பெண் ஒருபுறம் இருக்கட்டும். பொருளே மாறும் இடங்கள் சிலவற்றைக் காண்போம்.

ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் தீர்மானத்தில், காசோலையில் கையொப்பமிட வேண்டியவர் 'தி செகரட்டரி அண்டு ட்ரெஷரர்' என்று எழுதினால், செயலாளராகவும் பொருளாளராகவும் உள்ள ஒருவர் என்று பொருள்படும். 'தி செகரட்டரி அண்டு தி ட்ரெஷரர்' என்றால் இருவர். ஒரு 'தி' போனால் ஒரு கையொப்பம் போகும்.

வட்டாட்சியர் அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதும் மாணவர் 'ஏ கம்யூனிட்டி சர்ட்டிஃபிகேட்' என்று கேட்டால், புதிதாக ஒன்று வழங்குமாறு கேட்கிறார். 'தி கம்யூனிட்டி சர்ட்டிஃபிகேட்' என்று கேட்டால், முன்னரே விண்ணப்பித்த அந்தச் சான்றிதழை என்று ஆகும். படிப்பவர் பழைய கோப்பைத் தேடுவார், அது கிடைக்காது, விண்ணப்பம் திரும்பும்.

'ஃப்யூ', 'ஏ ஃப்யூ' என்பவற்றின் வேற்றுமை இன்னும் கூர்மையானது. 'ஃப்யூ ஸ்டூடன்ட்ஸ் பாஸ்ட்' என்றால் தேறியவர் சிலரே என்னும் குறைபாடு. 'ஏ ஃப்யூ ஸ்டூடன்ட்ஸ் பாஸ்ட்' என்றால் சிலர் தேறினர் என்னும் நிறைவு. இதனை நினைவில் வைக்கத் தமிழ் ஏகாரமே துணை. ஆங்கிலத்தில் 'ஏ' இல்லாதபோது தமிழில் 'ஏ' வரும்: 'ஃப்யூ' சிலரே, 'ஏ ஃப்யூ' சிலர். 'லிட்டில்' சிறிதே, 'ஏ லிட்டில்' சிறிது.

இக்காலத்தில் கைப்பேசியும் கணிப்பொறியும் ஆங்கிலப் பிழைகளைத் திருத்தித் தருகின்றன. ஆயினும் மேற்கண்ட இணைகளில் இரண்டுமே இலக்கணப்படி சரியானவை. நீங்கள் குறித்தது ஒருவரையா இருவரையா, புதிய சான்றிதழையா பழையதையா என்பது உங்களுக்குத்தான் தெரியும், கருவிக்குத் தெரியாது.

10. பயிற்சி

கீழ்வரும் வாக்கியங்களை ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்த பின் விடையைக் காண்க.

(அ) மாட்டுத்தாவணியில் முதியவர் ஒருவரைப் பார்த்தேன். முதியவர் மேலூருக்குப் பேருந்து தேடிக்கொண்டிருந்தார்.
(ஆ) என் அக்கா செவிலியர்.
(இ) கதவைச் சாத்து.
(ஈ) வைகை எக்ஸ்பிரஸ் மதுரையிலிருந்து காலையில் புறப்படும்.
(உ) எனக்குத் தண்ணீர் வேண்டும். பானையில் உள்ள தண்ணீர் போதும்.

விடை: (அ) முதலில் 'ஆன் ஓல்ட் மேன்', புதியவர், உயிர்முதற்சொல்; பின்பு 'தி ஓல்ட் மேன்', அறிந்தவர்; பேருந்து எதுவாயினும் ஆகலாம் ஆதலின் 'ஏ பஸ்'. (ஆ) 'ஏ நர்ஸ்'. தமிழில் 'ஒரு' இல்லை, ஆங்கிலத்தில் கட்டாயம். (இ) 'தி டோர்'. எந்தக் கதவு என்பது இருவருக்கும் தெரியும். (ஈ) வண்டிக்கு 'தி', மதுரைக்கு வேண்டாம், 'இன் தி மார்னிங்' என்பது வழக்கு. (உ) முதல் தண்ணீருக்கு ஆர்ட்டிகிள் வேண்டாம், இரண்டாவது வரையறுக்கப்பட்டதால் 'தி', பானைக்கும் 'தி'.

மாணவ நண்பர்களுக்கு இறுதியாக ஒன்று கூறுவேன். நாள்தோறும் படிப்பகத்தில் ஆங்கில நாளிதழின் ஒரே ஒரு பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வரும் ஒவ்வொரு பெயர்ச்சொல்லின் முன்னும் நின்று, இங்கே 'தி' ஏன் வந்தது, இங்கே 'ஏ' ஏன் வந்தது, இங்கே ஏன் எதுவும் இல்லை என்று கேளுங்கள். அந்தப் பத்தியைத் தமிழில் சொல்லிப் பார்த்து, 'ஒரு' எங்கே வந்தது, 'ஐ' எங்கே வந்தது, எந்தச் சொல் முன்னே நின்றது என்று ஒப்பிடுங்கள். ஒரு பருவத்துக்குள் காது பழகிவிடும். தமிழ்வழியில் படித்து வந்ததால் இது நமக்கு எட்டாது என்று எண்ண வேண்டாம். 'ஒரு ராஜா'வுக்கும் 'அந்த ராஜா'வுக்கும் உள்ள வேற்றுமையை ஐந்து வயதில் அறிந்த ஒருவர், 'ஏ கிங்' என்பதற்கும் 'தி கிங்' என்பதற்கும் உள்ள வேற்றுமையை இருபது வயதில் அறிய முடியாதவர் அல்லர்.